மேலே சந்தனப் பொட்டு... அடியில் துரு! புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்த அபிராமபுரம் மாமா

ஆயுத பூஜை வந்தால் எங்கள் அபிராமபுரம் அபார்ட்மென்ட்டில் எந்த இயந்திரத்தையும் விட்டுவைக்க மாட்டோம். கார், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட், வாட்ச்மேனின் சைக்கிள் என எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பின்கட்டு ஷெட்டில் நிற்கும் புல்வெட்டும் மெஷினுக்கும் நெற்றியில் மூன்று பொட்டு உண்டு. ஆனால், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. நான் உட்பட!

பிரச்னை ஆரம்பித்தது புல்தரையில்தான். முன்வாசலில் கொஞ்சம் இடத்தில் கொரியன் புல் போட்டிருக்கிறோம். குழந்தைகள் விளையாடவும், பெரியவர்கள் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரவும் இருக்கிற ஒரே பச்சை அதுதான். சில மாதங்களாக அது பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் குடுமி. வெட்டிய மறுநாளே நுனியெல்லாம் பழுப்பு. நடுநடுவே ஈரப் புல் கட்டி கட்டியாகக் கிடந்து, அதன் அடியில் புல் மஞ்சளாகி அழுகியிருந்தது.

அசோசியேஷன் மீட்டிங்கில் விஷயம் வந்தது. "தோட்டக்காரருக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி வேலை இல்லை. ஆளை மாத்திடலாம்" என்றார் ஒருவர். "ஆள் இல்ல சார், மெஷின் பழசு. புதுசு வாங்கிடலாம்" என்றார் இன்னொருவர். பதினைந்து வருடமாக எங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், மீட்டிங் நடந்த கார் பார்க்கிங்கின் ஓரத்தில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். "நான் இன்னா சார் பண்றது... மெஷின்தான் மக்கர் பண்ணுது" என்று அவர் சொன்னது பாதிப் பேர் காதில் விழவில்லை.

அப்போதுதான் இரண்டாவது மாடி மாமா எழுந்தார். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடங்களுக்கு மேல் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"ஆளையும் மாத்த வேண்டாம், மெஷினையும் மாத்த வேண்டாம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் கீழே வாங்கோ. மெஷினைக் கவிழ்த்துப் பார்ப்போம்!"

சார்லட்டில் கிடைத்த பாடம்

மாமாவுக்கு இந்த ஞானம் வந்த கதை சுவாரஸ்யமானது. அவர் மகன் வீடு வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரத்தை ஒட்டிய ஊரில் இருக்கிறது. வீட்டைச் சுற்றி ஏறக்குறைய ஒரு ஏக்கர் புல். நம் கணக்கில் சொன்னால் பதினெட்டு கிரவுண்டு! அத்தனையையும் தள்ளிக்கொண்டே வெட்ட முடியாது. அதனால், சின்ன டிராக்டர் மாதிரி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி வைத்திருக்கிறார்கள். ரைடிங் மோவர் என்பார்கள்.

"போன ஒரு வாரத்துல அது என் வேலையாயிடுத்து. தலையில தொப்பி, காதுல சத்தம் கேக்காம இருக்க மஃப்... ராஜா மாதிரி உட்கார்ந்துண்டு ஓட்டுவேன். மாமி ஜன்னல்லேர்ந்து வீடியோ எடுத்து எல்லா குரூப்புக்கும் அனுப்பிட்டா" என்று சிரிக்கிறார் மாமா.

ஆனால், வண்டி போன பாதையெல்லாம் கோடு கோடாக வெட்டாத புல் நின்றது. பக்கவாட்டில் சீராகத் தெறிக்க வேண்டிய புல், சாணி போட்ட மாதிரி குவியல் குவியலாக விழுந்தது. தொழிற்சாலை மூளை சும்மா இருக்குமா?

"ஏன்டா, இதோட அடியில என்னிக்காவது பார்த்திருக்கியா?"

"இல்லப்பா. ஆயில் மாத்துவேன், மேலே துடைப்பேன். அடியில என்ன இருக்கப்போறது?"

அடியில் இருந்தது, நான்கு வருடத்துப் புல்! ஓட்டை ஒட்டி, காய்ந்து, அதன்மேல் மறுபடி ஒட்டி, இரண்டு விரல் கனத்துக்கு இறுகிப்போயிருந்தது. அதைச் சுரண்டியபோது சில இடங்களில் இரும்பும் செதில் செதிலாகக் கூடவே வந்தது.

டெக் என்பது வெறும் மூடி அல்ல!

இங்கே கொஞ்சம் விஷயம் தெரிந்துகொண்டால், சுத்தம் செய்வது ஏன் முக்கியம் என்பது புரிந்துவிடும்.

புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830-ல் காப்புரிமை பெற்றவர் எட்வின் பட்டிங் என்கிற இங்கிலாந்துக்காரர். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலிழைகளைச் சீராக வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, 'இதே போல் புல்லையும் வெட்டலாமே' என்று யோசித்தவர் அவர். அந்த வகையில் உருளை வடிவில் இருக்கும் பிளேடுகள், கத்தரிக்கோல் போல அடிக்கட்டையோடு உரசி வெட்டும். கோல்ஃப் மைதானத்தின் குழியைச் சுற்றியுள்ள மெத்தென்ற பகுதியையும், கிரிக்கெட் பிட்ச்சையும் இன்றும் இந்த வகையால்தான் வெட்டுகிறார்கள். எங்கள் பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அதன் பச்சையைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு!

வீடுகளில் பெரும்பாலும் இருப்பது வேறு வகை. சீலிங் ஃபேன் போலப் படுக்கைவாட்டில் சுழலும் பிளேடு. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் 1952-ல் மெர்வின் ரிச்சர்ட்சன் என்பவர், பீச் பழம் வந்த காலி டின்னையே பெட்ரோல் டேங்க்காக வைத்து இந்த வகையில் ஒன்றைச் செய்தார். அதுதான் விக்டா என்ற பெயரில் அந்த நாடு முழுக்கப் பரவியது.

இந்தச் சுழலும் பிளேடை மூடியிருக்கும் கவிழ்த்த சட்டி போன்ற இரும்புக் கூட்டைத்தான் டெக் என்கிறோம். கல் தெறிக்காமல் காப்பது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலை, காற்றை வழிநடத்துவது. பிளேடின் பின்விளிம்பு சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். சுழலும்போது அது காற்றைக் கீழிருந்து மேலே இழுக்கிறது. படுத்திருக்கும் புல் அந்தக் காற்றில் எழுந்து நிற்கிறது. நிற்கும் புல்லைப் பிளேடு வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளை அதே காற்று வெளியே தள்ளுகிறது.

டெக்கின் உள்பக்கம் வழவழப்பாக இருந்தால்தான் இந்தக் காற்று சுற்றும். அங்கே புல் இறுகி ஒட்டிக்கொண்டால் காற்றுக்கு இடம் ஏது? புல் எழாது, துண்டுகள் வெளியேறாது, பிளேடு அதையே மறுபடி மறுபடி அரைத்துக்கொண்டிருக்கும். இன்ஜின் திணறும், பெல்ட் சூடாகும், பெட்ரோல் செலவு ஏறும். நாம் மட்டும் 'ஆள் சரியில்லை' என்போம்.

அடுத்தது துரு. வெட்டிய புல்லில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அந்த ஈரத்தோடு புல்லின் சாறும், போட்ட உரத்தின் உப்பும் சேர்ந்து இரும்பிலேயே ஒட்டியிருந்தால் பெயின்ட் போய், துரு பிடித்து, கடைசியில் ஓட்டை விழும். நம் சென்னையிலோ கேட்கவே வேண்டாம். எங்கள் தெருவிலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை பக்கம்தான். ஜன்னல் கம்பியையே அரிக்கிற உப்புக்காற்று, ஈரப் புல் ஒட்டிய தகட்டை விடுமா?

அந்த ஒரு நொடி...

இனி சொல்லப்போவதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். சுத்தம் செய்வதைவிட முக்கியமான விஷயம் இது.

சார்லட்டில் மாமா முதல் நாள் டெக்கைச் சுரண்டியபோது, சாவியை எடுத்துவிட்டார், பிளக் ஒயரையும் கழற்றிவிட்டார். தொழில் தெரிந்தவராயிற்றே! ஆனாலும் ஒன்றை மறந்தார். அந்த டெக்கில் இரண்டு பிளேடுகள். இரண்டையும் ஒரே பெல்ட் இணைக்கிறது. வலது கையால் ஒரு பிளேடின் பக்கம் சுரண்டிக்கொண்டே, வாட்டமாக இல்லையே என்று இடது பிளேடை லேசாகத் திருப்பினார். வலது பிளேடும் கூடவே திரும்பியது. கையுறை கிழிந்தது. நல்லவேளை, விரல் தப்பியது.

"இன்ஜின் ஓடலை, எல்லாம் ஆஃப்தான். ஆனா கத்திக்கு இன்ஜின் எதுக்கு? அரிவாள்மனை என்ன கரன்ட்லயா ஓடறது?" என்கிறார் மாமா. காய் நறுக்கி முடித்ததும் அரிவாள்மனையை மடக்கி வை, சாய்த்து வை என்று நம் பாட்டிகள் கத்தியது இதற்குத்தான்.

தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் மெஷினில் ஆபத்து இன்னும் அதிகம். பெரும்பாலான மாடல்களில் பிளேடு நேராக இன்ஜின் தண்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். பிளேடைக் கையால் திருப்பினால் இன்ஜினையே திருப்புவதாக அர்த்தம். பிளக் ஒயர் மாட்டியிருந்தால், ஒரு பொறி போதும். இன்ஜின் உதறிக்கொண்டு ஒரு சுற்றாவது சுற்றிவிடும். விரலுக்கு அந்த ஒரு சுற்று போதும்.

பிளேடின் நுனி எவ்வளவு வேகத்தில் போகிறது தெரியுமா? அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் அனுமதிக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி. நம் கணக்கில் மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர்! அங்கே ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கானவர்கள் புல்வெட்டும் இயந்திரத்தால் காயப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அதில் குழந்தைகளும் உண்டு.

பேரன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஒரு ரவுண்டு போவதுதான் தாத்தாக்களின் பெரிய ஆசை. மாமாவும் நான்கு வயதுப் பேரனைத் தூக்கி மடியில் வைத்தார். மருமகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "அப்பா, கோச்சுக்காதீங்கோ. இதுல மட்டும் குழந்தை வேண்டவே வேண்டாம்." அந்தப் பெண் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உட்கார்ந்து ஓட்டும் வண்டியை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது, தள்ளும் மெஷினை 12 வயதுக்குக் குறைந்தவர்கள் தொடக் கூடாது, வண்டியில் குழந்தையைக் கூட ஏற்றவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் தாத்தா பாட்டிகள் இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: வண்டி டெக்கைச் சுத்தம் செய்வது எப்படி?

மாமா அதற்குப் பிறகு, வண்டியோடு வந்த கையேட்டை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் மறுபடி கை வைத்தார். அவர் சொன்ன வரிசை இது. உங்கள் வண்டியின் கையேடு வேறு மாதிரி சொன்னால், அதையே பின்பற்றுங்கள்.

1. சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். பிளேடு சுவிட்சை அணைத்து, பிரேக் போட்டு, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பிளக் ஒயரைக் கழற்றித் தள்ளி வையுங்கள். இன்ஜினும் சைலன்ஸரும் ஆற அரை மணி நேரம் கொடுங்கள்.

2. பல வண்டிகளில் பின்களைக் கழற்றி, பெல்ட்டை நழுவவிட்டு, டெக்கையே பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுத்துவிடலாம். இதுதான் உத்தமமான வழி. கழற்றும் முன் பெல்ட் போகும் பாதையை போனில் படம் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், மாட்டும்போது மண்டை காயும்!

3. டெக்கைக் கழற்ற முடியாவிட்டால், வண்டியின் முன்பக்கத்தை உயர்த்த வேண்டும். அதற்கென்றே விற்கும் சாய்தளத்தையோ தூக்கியையோ பயன்படுத்துங்கள். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கி வைத்துத் தூக்கினால், இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்த பிறகே வேலை. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கையோ தலையோ நுழைக்கவே கூடாது.

4. கனமான கையுறை, கண்ணாடி, ஷூ கட்டாயம். பிளேடுக்கும் டெக் சுவருக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகிப் பிளேடை அசையாமல் செய்யுங்கள்.

5. சுரண்டுவதற்கு பிளாஸ்டிக் அல்லது மரத் தகடு போதும். இறுகியதற்கு, பெயின்டர்கள் பட்டி போடும் தகடு. புல் ஈரமாக இருக்கும்போதே சுரண்டினால் கையோடு வரும். காய்ந்துவிட்டால் கல்தான். புல் வெளியேறும் வாய், மூலைகள், பிளேடு மாட்டியிருக்கும் தண்டைச் சுற்றிய இடம் ஆகியவற்றில்தான் அதிகம் சேரும்.

6. பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இருந்தால் உப்புத்தாள் போட்டு, நன்றாகக் காயவைத்து, துரு தடுக்கும் பிரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள். இதற்கென்று விற்கும் கிராஃபைட், சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நாளைக்குப் புல் எளிதில் ஒட்டாது. சிலர் சமையல் எண்ணெய் தடவுகிறார்கள். அது இரண்டு தடவை வெட்டியதும் போய்விடும். மிச்சம் இருப்பதில் தூசி ஒட்டும்.

7. பிளேடைக் கழற்றினால், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துவையுங்கள். வளைந்த விளிம்பு டெக்கைப் பார்த்து மேலே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு 'வெட்டவே மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்கள் உண்டு! சாணை பிடித்த பிறகு, பிளேடின் நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் அதிகம். இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். எடை சரியாக இல்லாத பிளேடு வண்டியையே உதறவைத்து, பேரிங்கைத் தின்றுவிடும். விரிசலோ வளைவோ இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

8. பிளேடு கழன்றிருக்கும்போதே தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. கிரீஸ் அடிக்கும் இடம் இருந்தால் அடியுங்கள்.

9. டெக்கின் மேல்பக்கத்தையும் மறக்காதீர்கள். பெல்ட் மூடிக்கு அடியிலும் இன்ஜினைச் சுற்றியும் சேரும் காய்ந்த புல், சைலன்ஸர் சூட்டில் பற்றிக்கொள்ளக்கூடும்.

10. எல்லாம் மாட்டிய பிறகு மட்டம் பாருங்கள். பிளேடு நுனி இடது பக்கமும் வலது பக்கமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சுமார் 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது பல வண்டிகளில் வழக்கம்.

'இவ்வளவு எதுக்கு? டெக்கிலேயே ஹோஸ் மாட்ட ஒரு வாய் இருக்கே' என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்மைதான். பல வண்டிகளில் அந்த வசதி உண்டு. ஹோஸை மாட்டித் தண்ணீர் விட்டு, சீட்டில் உட்கார்ந்தபடி பிளேடைச் சில நிமிடம் சுற்றவிட்டால் புதிதாக ஒட்டிய புல் போய்விடும். ஒவ்வொரு முறை வெட்டியதும் இதைச் செய்தால் நல்லது. பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, இன்னும் சில நிமிடம் சுற்றவிட்டுக் காயவைக்க வேண்டும். ஆனால், நான்கு வருடத்துப் பாறை இதற்கெல்லாம் அசையாது. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் வாஷரைப் பேரிங் பக்கம் காட்டவும் கூடாது. தண்ணீர் உள்ளே புகுந்தால் கிரீஸ் வெளியே வந்துவிடும்.

மறுபடி அபிராமபுரத்துக்கு...

சொன்னபடி மறுநாள் ஐந்து மணிக்குக் கீழே கூடினோம். எங்களுடையது தள்ளிக்கொண்டு போகும் சாதாரண பெட்ரோல் மெஷின். மாமா முதலில் பிளக் ஒயரைக் கழற்றினார். பெட்ரோல் வால்வை மூடினார். பிறகு தோட்டக்காரரைக் கூப்பிட்டு, "வழக்கமா எந்தப் பக்கம் சாய்ப்பீங்க?" என்று கேட்டார். அவர் வலது பக்கம் காட்டினார். ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம்!

"அதான் வெள்ளைப் புகை வருது. ஏர் ஃபில்டர் கீழே போற மாதிரி சாய்ச்சா, இன்ஜின் ஆயில் அதுல இறங்கிடும். எப்பவும் ஏர் ஃபில்டர் வானத்தைப் பார்க்கணும்."

கவிழ்த்தோம். எல்லோரும் அமைதியானோம். புல்லும் மண்ணும் சேர்ந்து ஓடு போல இறுகியிருந்தது. பிளேடு எது, டெக் எது என்றே தெரியவில்லை. பிளேடின் முனை மழுங்கி, வெண்ணெய் வெட்டும் கத்தி போல இருந்தது. இந்தப் பிளேடு புல்லை வெட்டவில்லை, பிய்த்திருக்கிறது. நுனி பழுப்பானதற்கு அதுதான் காரணம்.

மாமா இன்னொன்றையும் காட்டினார். கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கம்பி ஒன்று இருக்கும். கையை விட்டால் பிளேடு நின்றுவிட வேண்டும். தள்ளும் மெஷின்களில் கையை எடுத்த மூன்று நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982-லிருந்தே சட்டம் இருக்கிறது. எங்கள் மெஷினில் அந்தக் கம்பியை சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்!

"கை வலிக்குது சார், அதான்" என்றார் தோட்டக்காரர். பிறகு, கேட்காமலேயே தன் வலது கையைக் காட்டினார். சுட்டுவிரல் நுனியில் பழைய தழும்பு. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், அடைத்துக்கொண்ட புல்லைக் கையால் எடுக்கப்போய் வந்தது. "அப்போ யாரும் சொல்லித் தரலை சார். இப்பவும் குச்சியால குத்தித்தான் எடுப்பேன். மெஷின் ஓடும்போதே."

ஹவாய் செருப்போடு நின்றிருந்த அவர் காலைப் பார்த்தோம். முந்தின நாள் மீட்டிங்கில் 'ஆளை மாத்திடலாம்' என்று சொன்னவர், முதலில் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு மணி நேரம். அவ்வளவுதான் ஆயிற்று. மாமா சொல்லச் சொல்ல, தோட்டக்காரரே சுரண்டினார். பிளேடு மந்தைவெளியில் சாணைக்குப் போய் வந்தது. ஏர் ஃபில்டர் புதிது. டெக்கின் உள்ளே துரு தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தோம். சைக்கிள் டியூபை மாமா கத்தரித்துக் குப்பையில் போட்டார். புது மெஷினுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, தோட்டக்காரருக்கு நல்ல ஷூ, கையுறை, கண்ணாடி வாங்கினோம். அடுத்த வாரம் புல்தரை, சலூனிலிருந்து வந்த பையன் தலை மாதிரி ஒரே சீர்!

நம் ஊருக்கு ஏற்ற சில யோசனைகள்

* ஈரப் புல்லை வெட்டாதீர்கள். காலைப் பனி காய்ந்த பிறகு, அல்லது தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு வெட்டுங்கள். டெக்கில் ஒட்டுவது பாதியாகக் குறையும்.

* ஒரே தடவையில் ஒட்ட வெட்டாதீர்கள். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் வளர்ந்துவிட்டால், இரண்டு மூன்று தவணையாகக் குறையுங்கள்.

* வெட்டும் முன் தரையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கல், ஆணி, தென்னை மட்டை, குழந்தைகளின் பந்து எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பிளேடில் பட்ட கல், எதிர்வீட்டு ஜன்னலில் போய் நிற்கும்.

* ஒயர் மாட்டி ஓட்டும் எலெக்ட்ரிக் மெஷின் என்றால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும். அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. காய்ந்த பிரஷ், துணி போதும். பேட்டரி மெஷினில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒயர் மெஷின் பயன்படுத்தும் இடத்தில் இ.எல்.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

* ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் மேலோட்டமாகச் சுரண்டினால் ஐந்து நிமிட வேலை. சுமார் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை பிளேடைச் சாணை பிடியுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன், வருடத்துக்கு ஒரு முறை முழுச் சுத்தம். மழை மாதங்களில் மெஷினை ஈரத் தரையில் நிறுத்தாமல், பலகை போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். குளிர் நாடுகளில் இருப்பவர்கள், பனிக்காலத்துக்கு வண்டியை ஷெட்டில் போடும் முன்பு முழுச் சுத்தம் செய்யுங்கள்.

* அபார்ட்மென்ட் என்றால், மெஷினைத் தினமும் தொடுகிறவருக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். கையேடு ஆபீஸ் பீரோவில் தூங்கினால் யாருக்கு லாபம்?

மழை தொடங்கும் முன் வருடத்துக்கு ஒரு முறை என்று சொன்னேன் அல்லவா? யோசித்துப் பாருங்கள். ஆயுத பூஜை வருவது சரியாக அந்த நேரத்தில்தான். கருவியை வருடத்துக்கு ஒரு நாளாவது கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டுவிட்டு, பிறகு கும்பிடு என்று வைத்த நாள். நாமோ துடைப்பதை விட்டுவிட்டு, பொட்டை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இந்த வருடம் ஆயுத பூஜையன்று காலையில் ஷெட் பக்கம் போனேன். தோட்டக்காரர் புது ஷூவோடு உட்கார்ந்திருந்தார். மெஷின் சாய்ந்திருந்தது, ஏர் ஃபில்டர் வானத்தைப் பார்த்தபடி. பிளக் ஒயர் தனியாகத் தொங்கியது. டெக்கின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து முடித்தவர், கிண்ணத்திலிருந்து சந்தனத்தை எடுத்தார். முதல் பொட்டை அடிப்பக்கத்தில் வைத்துவிட்டு, மெஷினை மெதுவாக நிமிர்த்தினார்.

"மேல வைக்கிறது எல்லாருக்கும் சார். இது எனக்கு" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு மெஷின் இருக்கும். புல்வெட்டியாக இல்லாவிட்டால் கிரைண்டர், தையல் மெஷின், வாஷிங் மெஷின். இந்த ஞாயிற்றுக்கிழமை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு தடவை அதன் அடியில் குனிந்து பாருங்களேன்!